சம வருத்தத் தொகை

கண்ணாடிக்காரரின் காரில் ஏறியவர் யாரும் முழுசாக இறங்கியதில்லை. சிலர் சட்டையில் கொஞ்சம் விட்டுவிட்டு இறங்குவார்கள், சிலர் மானத்தில் கொஞ்சம். முன் சீட்டின் ஸ்பிரிங் ஒன்று ரெக்ஸினைக் கிழித்துக்கொண்டு, பக்கத்து வீட்டுக்கு யார் வந்திருக்கிறார்கள் என்று எட்டிப் பார்ப்பவரைப் போல எந்நேரமும் தலையை நீட்டிக்கொண்டே இருக்கும். கண்ணாடிக்காரர் அதன்மேல் ஒரு துண்டை மடித்துப் போட்டிருந்தார். ஸ்பிரிங் துண்டையும் தாண்டிப் பார்த்தது.

மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்த அவருக்குக் காரைச் சித்தப்பா விட்டுப்போனார். முன்பக்கம் இந்தக் கதவிலிருந்து அந்தக் கதவு வரைக்கும் ஒரே நீளமான சீட். இப்போதெல்லாம் அப்படி வருவதில்லை. இப்போதைய கார்களில் ஆளுக்கு ஒரு சீட், நடுவில் ஒரு சுவர் மாதிரி எதையோ வைத்துவிடுகிறார்கள். புருஷன் பெண்டாட்டி கோபித்துக்கொண்டால் அது வசதிதான்.

அடுத்த மாதம் மகளுக்குக் கல்யாணம். மகள் ஒரே நிபந்தனைதான் போட்டாள்.

"நம்ம பழைய கார்லதான்பா போவேன். ஆனா அந்த ஸ்பிரிங் என் புடவையைத் தொட்டுச்சு, இறங்கி நடந்தே போய்த் தாலி கட்டிக்குவேன்."

ஆகவே சீட்டை மாற்றியாக வேண்டும். ஊரில் சீட் தைப்பவர்கள் பலர் உண்டு. ஆனால் அவர்களில் ஒருவரான குஷன்காரரின் மகன்தான் மாப்பிள்ளை. சம்பந்தி குஷன் கடை வைத்திருக்கும்போது வேறொரு கடைக்குக் காரை ஓட்டிப் போவது கல்யாணத்தையே வேறொரு வீட்டுக்கு ஓட்டிப் போவதற்குச் சமம். கார் சம்பந்தியிடம் போயிற்று.

கார் திரும்பி வந்தபோது கண்ணாடிக்காரர் அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். அடர் சிவப்பில் சீட், ஓரமெல்லாம் வெள்ளைக் கோடு, உட்கார்ந்தால் ஒரு பெருமூச்சு. பெருமூச்சு விட்டது அவரா சீட்டா என்று தெரியாத அளவுக்கு வேலை ஒத்துப்போயிருந்தது.

"பிரமாதம் சம்பந்தி. கூலி எவ்வளவு?"

குஷன்காரர் காதைப் பொத்திக்கொள்ளாத குறை. "என்ன சம்பந்தி, நமக்குள்ள போய்! நீங்களா பாத்து எதையாவது குடுங்க. குடுக்காட்டியும் ஒண்ணுமில்ல."

உலகத்தில் மிகவும் விலை உயர்ந்த வாக்கியம் இதுதான் என்பது கண்ணாடிக்காரருக்கு வீட்டுக்குப் போனதும் விளங்கியது. அவர் மனைவி கைவேலையை விட்டுவிட்டு விரல் மடக்கி விளக்கினாள்.

"கம்மியா குடுத்தா, 'எங்க உழைப்பை இவ்வளவுதான் மதிச்சாரா'ன்னு சம்பந்தியம்மா நினைக்கும். ஜாஸ்தியா குடுத்தா, 'காசைக் காட்டறாரு'ன்னு அவர் நினைப்பாரு. ஒண்ணும் குடுக்கலைன்னா நம்ம பொண்ணு அந்த வீட்டுக்குள்ள போறதுக்கு முன்னாடி நம்ம கடன் போய் உக்காந்துக்கும்."

"சரி, அப்ப சரியா எவ்வளவு குடுக்கணும்?"

"அது தெரிஞ்சா நான் ஏங்க உங்களைக் கட்டிக்கிட்டு இங்க உக்காந்திருக்கேன்?"

வேறொரு குஷன் கடையில் பேச்சோடு பேச்சாக விசாரித்துப் பார்த்தார். கடைக்காரர் அவரை மேலும் கீழும் பார்த்தார். "பழைய காரா? அதுக்கு ரெண்டு ரேட்டுங்க. விக்கப் போற ஆளுன்னா ஒரு ரேட்டு. ஆசையா வெச்சிருக்கிற ஆளுன்னா இன்னொரு ரேட்டு. நீங்க கேக்கும்போதே கண்ணு கலங்குது, அதனால உங்களுக்கு ரெண்டாவது."

இந்த நிலையில்தான் அவர் கண்ணில் அந்த விளம்பரப் பலகை பட்டது. 'கூலியில் குழப்பமா? குழப்பத்தை எங்களிடம் விட்டுவிடுங்கள். நியாயக் கூலி நிர்ணய மன்றம். கட்டணம் இல்லை.' குழப்பத்தை அவர்கள் பத்திரமாக வைத்துக்கொண்டு பெருக்கித் தருவார்கள் என்று பலகையில் எழுதவில்லை. இடம் போதாமல் இருந்திருக்கும்.

சம்பந்தியிடம் தயங்கித் தயங்கிச் சொன்னார். குஷன்காரருக்கு முகமெல்லாம் மலர்ச்சி.

"நல்ல யோசனை சம்பந்தி! நானும் தூங்கி ரெண்டு நாளாச்சு. அவங்களே ஒரு தொகை சொல்லிட்டா உங்களுக்கும் பழி இல்ல, எனக்கும் பழி இல்ல."

இருவரும் அதே காரில், அதே சிவப்பு சீட்டில் தோளோடு தோள் உரசிக்கொண்டு கிளம்பினார்கள். கண்ணாடிக்காரரின் மனைவி சாப்பாட்டுப் பொட்டலம் கட்டிக் கொடுத்தாள். மாடிப்படி ஏறும்போது குஷன்காரர் ஏதோ ஜோக் சொல்ல, மூன்றாவது மாடி வரை சிரித்துக்கொண்டே ஏறினார்கள். வாசலில் நின்ற பியூன் அவர்களைக் கவலையோடு பார்த்தார்.

"இங்க யாரும் சிரிச்சிக்கிட்டு ஏறினதில்லீங்களே. வேற ஆபீசுக்குப் போறீங்களா?"

மன்றத்தின் கூடத்தில் நீள மேசை இருந்தது. நாற்காலி என்று ஒன்றுகூட இல்லை. தலைவரும் உறுப்பினர்களும் மேசையைச் சுற்றி, பந்திக்குக் காத்திருப்பவர்களைப் போல நின்றுகொண்டிருந்தார்கள். ஏன் என்று கண்ணாடிக்காரர் பியூனிடம் கிசுகிசுத்தார்.

"நாற்காலியெல்லாம் கிழிஞ்சு போச்சுங்க. ரிப்பேருக்குக் குடுக்கணும்னா அதுக்கு நியாயமான கூலி என்னன்னு மன்றம் முடிவு பண்ணணும். முடிவு பண்ண ஒரு முழுக் கூட்டம் நடக்கணும். நின்னுக்கிட்டே நடத்தினா தலைவருக்கு முட்டி பிடிச்சுக்குது, பாதியில ஒத்திவெச்சிடறாரு." பியூன் குரலைத் தாழ்த்தினார். "நான் இங்க சேர்ந்தப்ப ஒத்திவெச்சது. என் மூத்தவன் இப்ப காலேஜ் போறான்."

தலைவர் ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு எடையை மாற்றிக்கொண்டு விசாரணையைத் தொடங்கினார். மேடையில் பேசுவதைப் போலத்தான் எப்போதும் பேசுவார். வீட்டில் தண்ணீர் கேட்பதும் அப்படித்தானாம்.

"உங்களில் அநியாயமாகக் கேட்டவர் யார்?"

"யாரும் கேக்கலீங்க" என்றார் குஷன்காரர்.

"அப்படியானால் அநியாயமாகக் குறைத்துக் கொடுத்தவர்?"

"நான் இன்னும் குடுக்கவே இல்லீங்க" என்றார் கண்ணாடிக்காரர். "இவர் வாங்கிக்க மாட்டேங்கறாரு. நான் எவ்வளவு வேணும்னாலும் குடுக்கத் தயார்."

"எனக்கு ஒண்ணுமே வேண்டாங்க" என்றார் குஷன்காரர்.

உறுப்பினர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தலைவர் கண்ணை மூடித் திறந்தார்.

"ஒன்றும் வேண்டாம் என்பதற்கும் எவ்வளவு வேண்டுமானாலும் என்பதற்கும் நடுவில் நாங்கள் எங்கேயையா போய் நிற்பது? ஏற்கெனவே நின்றுகொண்டுதான் இருக்கிறோம்! நியாயமான கூலி என்றால் என்னவென்று நினைத்தீர்கள்? கொடுப்பவர் வயிறு எரிய வேண்டும். வாங்குபவர் வயிறும் எரிய வேண்டும். இரண்டும் ஒரே சூட்டில் எரிகிற தொகை எதுவோ, அதுவே நியாயம். அதைத்தான் நாங்கள் சம வருத்தத் தொகை என்கிறோம். இந்த மன்றம் தொடங்கிய நாளிலிருந்து இன்றுவரை ஒருவர்கூட மகிழ்ச்சியோடு இங்கிருந்து வெளியேறியதில்லை என்பதைப் பெருமையோடு சொல்லிக்கொள்கிறேன்!"

உறுப்பினர்கள் கைதட்டினார்கள். நின்றுகொண்டிருந்ததால் அது பெரிய மரியாதை போலத் தெரிந்தது.

"நீங்கள் இருவரும் சிரித்துக்கொண்டே படியேறியதாகத் தகவல். இப்படி இருந்தால் நாங்கள் எதை அளப்பது? போய் முறைப்படி மனஸ்தாபம் செய்துகொண்டு அடுத்த வாரம் வாருங்கள். சம்பந்தப்பட்ட சீட்டையும் கழற்றிக் கொண்டுவர வேண்டும்."

"கழட்டி மாட்டறதுக்கும் கூலி ஆகுமேங்க?"

"அதற்குத் தனியாக ஒரு மனஸ்தாபம் செய்துகொண்டு வாருங்கள்."

வேறு வழி தெரியாமல், அந்த வாரம் கண்ணாடிக் கடையில், கண் பரிசோதனைக்கான எழுத்துப் பலகைக்கு முன்னால் ஒத்திகை நடந்தது. மகளும் அம்மாவும் பார்வையாளர்கள்.

"சம்பந்தி, நீங்க முதல்ல திட்டுங்க."

"ஐயோ, நான் எப்படி? நீங்க பெரியவங்க, நீங்க ஆரம்பிங்க."

"பொண்ணு வீட்டுக்காரன் நான் எப்படிங்க ஆரம்பிக்கறது?"

"அப்பா, யாராவது ஒருத்தர் ஆரம்பிங்களேன்! எனக்குக் கல்யாணத்துக்கு முன்னாடி தூங்கணும்" என்றாள் மகள்.

குஷன்காரர் தொண்டையைச் செருமினார். மூச்சை இழுத்துப் பிடித்தார். "உங்க கார்... உங்க கார் இருக்கே... அது நல்ல கார்தான். ஆனா கொஞ்சம் பழசு."

"உண்மைதானே சம்பந்தி" என்றார் கண்ணாடிக்காரர். "நீங்க... நீங்க போட்ட தையல்... அடடா, அதுல குறையே தெரியலையேங்க."

மனைவி தலையில் கை வைத்துக்கொண்டாள். "ஏங்க, என்கிட்ட மட்டும் எப்படிங்க உங்களுக்கு அவ்வளவு சுலபமா வருது?"

அடுத்த வாரம் சீட்டின் போல்ட்டுகளைக் கழற்றி, ஆளுக்கு ஒரு முனையாகப் பிடித்து, மூன்று மாடி ஏற்றினார்கள். படி திரும்புமிடத்திலெல்லாம் சீட் முரண்டு பிடித்தது. ஓட்டுநர் இடத்தில் சீட்டுக்குப் பதில் ஒரு ஸ்டூலைக் கட்டி ஓட்டி வந்திருந்ததால் கண்ணாடிக்காரரின் இடுப்பு ஏற்கெனவே தனியாக முனகிக்கொண்டிருந்தது.

கூடத்தின் நடுவே சீட்டை இறக்கினார்கள். தலைவர் அதைப் பார்த்தார். உறுப்பினர்கள் அதைப் பார்த்தார்கள். பாலைவனத்தில் நடந்தவன் குளத்தைப் பார்க்கிற பார்வை அது.

"பரிசீலிக்க வேண்டும்" என்றார் தலைவர்.

அடுத்த நொடி தலைவரும், ஒரு முதிய உறுப்பினரும், இரு தரப்பு வருத்தத்தையும் அளக்கிற வருத்த மதிப்பீட்டாளர் அம்மாவும் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். மூவரிடமிருந்தும் ஒரே நேரத்தில் ஒரு 'ஆ...' வெளிப்பட்டது. தலைவருக்கு ஸ்டீயரிங் பக்கம் கிடைத்திருந்தது. அவருடைய வலது கால் தன்னையறியாமல் முன்னால் நீண்டு பிரேக்கைத் தேடியது. முதிய உறுப்பினர் தூங்கியே விட்டார்.

"தொடங்கலாம்" என்றார் தலைவர் கனவில் பேசுவதைப் போல.

சம்பந்திகள் தொடங்கினார்கள். கார் பழசு என்றார் ஒருவர். தையல் சுமார்தான் என்றார் மற்றவர், உடனே நாக்கைக் கடித்துக்கொண்டார். வருத்த மதிப்பீட்டாளர் அம்மா கையிலிருந்த தாளை ஒரு முழம் தள்ளிப் பிடித்து, கண்ணைச் சுருக்கி, அவர்கள் முகத்தையும் தாளையும் மாறி மாறிப் பார்த்தார். அந்தம்மாவுக்குப் படிக்கிற கண்ணாடி அவசரமாகத் தேவை என்பது கண்ணாடிக்காரருக்குப் பார்த்ததுமே தெரிந்தது. சொல்லலாமா என்று வாயெடுத்தார். சண்டைக்கு நடுவில் நன்றாக இருக்காது என்று விட்டுவிட்டார்.

"வருத்தம் போதவில்லை" என்றார் அந்தம்மா.

தலைவர் சீட்டில் இன்னும் கொஞ்சம் சாய்ந்துகொண்டார். "நாடகம் வேண்டாம். உறவினர்கள்தானே நீங்கள்? உறவு என்று இருந்தால் நெஞ்சில் ஏதாவது ஒன்று கிடக்கும். வெளியே எடுங்கள். அவசரமில்லை. நிதானமாக எடுங்கள். எங்களுக்கு இங்கே வசதியாகத்தான் இருக்கிறது."

குஷன்காரர் மூக்கிலிருந்த கண்ணாடியை மேலே தள்ளிவிட்டுக்கொண்டார். பிறகு, இதுவரை கேட்காத ஒரு குரலில் சொன்னார்:

"சம்பந்தம் பேச எங்க வீட்டுக்கு முதல் தடவை வந்தீங்களே, அன்னிக்கு எங்க சோபாவுல நீங்க உக்காரல. கையால ஒரு அழுத்து அழுத்திப் பாத்தீங்க. அப்புறம் தள்ளிப் போய் ஸ்டூல்ல உக்காந்தீங்க. ஊருக்கெல்லாம் குஷன் போடறவன் வீட்டு சோபா கிழிஞ்சு கிடக்குன்னு எனக்குத் தெரியாதா? அன்னிக்கு ராத்திரி என் வீட்டுக்காரி அழுதா."

கண்ணாடிக்காரருக்கு முகம் சுருங்கியது. "எனக்கு இடுப்பு வலிங்க. தாழ்வா உக்காந்தா எழுந்திருக்க முடியாது."

"இடுப்பு வலிக்காரர் எதுக்கு அழுத்திப் பாக்கணும்?"

"அப்ப நீங்க மட்டும்?" கண்ணாடிக்காரரின் குரலும் மாறிவிட்டது. "என் கடைக்கு வந்தீங்க, கண்ணைச் சோதிச்சுக்கிட்டீங்க. சரி, கண்ணாடி போட்டுத் தரலாம்னு ஃபிரேமெல்லாம் எடுத்து வெச்சுக் காத்துக்கிட்டிருந்தேன். ரெண்டு நாள் கழிச்சுப் பாத்தா, எதிர் வரிசைக் கடையில வாங்கின கண்ணாடியை மூக்குல மாட்டிக்கிட்டு என் கடை வாசல் வழியாவே போறீங்க! என் கடைப் பையன்கள் முன்னாடி எனக்கு எப்படி இருந்திருக்கும்?"

"அதையும் இதையும் ஒண்ணா பேசாதீங்க!"

"ஏன் பேசக்கூடாது? இப்படி நினைக்கிற வீட்டுக்கு என் பொண்ணை..."

அவர் முடிக்கவில்லை. முடிக்காததே முடித்ததைவிட மோசமாகக் கேட்டது.

"என் பையனுக்கும் வேற..." என்று ஆரம்பித்த குஷன்காரரும் நிறுத்திக்கொண்டார்.

முதிய உறுப்பினரின் குறட்டை மட்டும் கேட்டது. வருத்த மதிப்பீட்டாளர் அம்மா இரண்டு முகத்தையும் பார்த்தார். இந்தத் தடவை கண்ணைச் சுருக்கத் தேவையிருக்கவில்லை.

"சமம்" என்றார் பரவசத்தோடு. "இப்படி ஒரு சமத்தை நான் பார்த்ததே இல்லை!"

உடனே தலைவர் தொகைகளை வாசிக்கத் தொடங்கினார். சிறியதிலிருந்து பெரியதாக, ஒவ்வொன்றாக. இரண்டு முகமும் சரிசமமாக வாடுகிற இடத்தில் அந்தம்மா கை தூக்க வேண்டும். அதுதான் முறை. ஆனால் சம்பந்திகள் இருவரும் எதையும் காதில் வாங்கவில்லை. எல்லாத் தொகைக்கும் முகம் ஒரே மாதிரிதான் வாடிக் கிடந்தது. ஆயிரங்கள் ஏறிக்கொண்டே போயின. கடைசியில் தலைவருக்குத் தொண்டை வறண்டு இருமல் வந்தது. அவர் இருமிய இடமே நியாயமான கூலி என்று பதிவாயிற்று. அந்தத் தொகைக்கு இன்னொரு காரே வாங்கலாம்.

"இத்தொகையை உங்களில் ஒருவர் மற்றவருக்குக் கொடுக்க வேண்டும்" என்று தலைவர் தீர்ப்பை முடித்தார். "யார் யாருக்கு என்பது எங்கள் அதிகார வரம்பில் வராது. கொடுப்பதும் கொடுக்காததும்கூட வராது. நாங்கள் நிர்ணயிப்பவர்கள் மட்டுமே. சீட்டை எடுத்துச் செல்லலாம்."

சொன்னாரே தவிர எழுந்திருக்கவில்லை. யாருமே எழுந்திருக்கவில்லை. பியூன் ஒவ்வொருவராகக் கை கொடுத்துத் தூக்கிவிட வேண்டியிருந்தது. தூங்கிக்கொண்டிருந்த முதியவரைச் சுவரோரம் சாய்த்து நிறுத்திவைத்தார்.

சீட்டுக்குச் சண்டை சமாதானம் தெரியாது. அதைத் தூக்க இரண்டு பேர் வேண்டும். சம்பந்திகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் ஆளுக்கொரு முனையைப் பிடித்தார்கள். கண்ணாடிக்காரர் முன்னால், பின்பக்கமாகப் படியிறங்கினார். மகளிடம் என்ன சொல்வது என்று யோசித்தார். 'அம்மா, சீட் நல்லா வந்திருக்கு, கல்யாணம்தான் நின்னுபோச்சு' என்றா? படியில் கால் தவறியது.

"பாத்துங்க!" என்று குஷன்காரர் கத்தினார். தன்னை மறந்து கத்திவிட்டார்.

"இடுப்பு..." என்றார் கண்ணாடிக்காரர். அதற்குமேல் அவரால் ஓர் அடி எடுத்துவைக்க முடியவில்லை.

படி திரும்புமிடத்தில் சீட்டை இறக்கி வைத்தார்கள். வேறு உட்கார இடமில்லாததால் அதிலேயே உட்கார்ந்தார்கள். இந்த முனையில் ஒருவர், அந்த முனையில் ஒருவர். எதிரே அழுக்குச் சுவரும் ஒரு தீயணைப்பு வாளியும் இருந்தன. வெகுநேரம் இருவரும் வாளியையே பார்த்தார்கள்.

"நிஜமாவே இடுப்பு வலிதானா?" என்றார் குஷன்காரர்.

"எழுந்திருக்க முடியுமான்னு தெரிஞ்சுக்கத்தாங்க அழுத்திப் பாத்தேன். முதல் தடவை வந்த வீட்டுல, என்னைத் தூக்கி விடுங்கன்னு கூப்பிட வெக்கமா இருந்துச்சு."

குஷன்காரர் தலையை ஆட்டினார். "நான் வேற கடையில ஏன் வாங்கினேன் தெரியுமா? உங்ககிட்ட வாங்கினா நீங்க காசு வாங்க மாட்டீங்க. கேட்டா, பாத்துக் குடுங்கம்பீங்க. எவ்வளவு குடுக்கறதுன்னு யோசிச்சே எனக்குத் தலைவலி ஜாஸ்தியாச்சு. கண்ணைச் சோதிச்சதே தலைவலிக்குத்தான்."

கண்ணாடிக்காரர் திரும்பி அவரைப் பார்த்தார். மூக்கின்மேல் அந்தக் கண்ணாடி கோணலாக உட்கார்ந்திருந்தது.

"அந்தக் கண்ணாடியில தெரியுதா உங்களுக்கு?"

"ஒரு மண்ணும் தெரியல. உங்க சீட்டைத் தடவித் தடவித்தான் தைச்சேன்."

இருவரும் மறுபடி வாளியைப் பார்த்தார்கள்.

"சம்பந்தி" என்றார் கண்ணாடிக்காரர். "என் பொண்ணு உங்க வீட்டுல நிமிர்ந்து நடக்கணும். அவங்கப்பா ஓசியில வேலை வாங்கினாருன்னு ஒரு பேச்சு வந்துடக்கூடாது. எனக்கு அவ்வளவுதான். வாயைத் திறந்து ஒரு தொகை சொல்லுங்க. தெருவுல போறவன் கேட்டா என்ன சொல்வீங்களோ, அதைச் சொல்லுங்க."

குஷன்காரர் விரலால் வெள்ளைக் கோட்டைத் தடவிக்கொண்டே இருந்தார். கடைசியில் மனதைத் திடப்படுத்திக்கொண்டு, "தெருவுல போறவனுக்கு ஆறாயிரம்" என்றார்.

சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். கண்ணாடிக்காரருக்கு நெஞ்சிலிருந்து ஒரு மூட்டை இறங்கியது. இறங்கிய வேகத்தில் வாய் தானாகத் திறந்துகொண்டது.

"ஆறாயிரமா! நூலும் ரெக்ஸினும் நான் வாங்கிக் குடுத்தது! ஐயாயிரம்."

குஷன்காரர் கண்ணைத் திறந்தார். முதலில் நம்ப முடியாமல் பார்த்தார். பிறகு அவர் முகம் முழுவதும் ஒளி பரவியது.

"ஐயாயிரமா? உள்ள இருந்த துரு பிடிச்ச போல்ட்டைக் கழட்டினது யாரு, உங்க சித்தப்பாவா? ஐயாயிரத்து எண்ணூறு!"

"எண்ணூறு எல்லாம் முடியாது. ஐந்நூறு. அதுக்கு மேல ஒரு காசு கிடையாது!"

"பொண்ணைக் குடுக்கிறவர் பேசற பேச்சா இது? சரி, ஐந்நூறு. தொலைஞ்சு போங்க!"

"நீங்களும் தொலைஞ்சு போங்க!"

சொன்னதும் இருவருக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. குஷன்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கண்ணாடிக்காரர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சீட்டும் சேர்ந்து குலுங்கியது.

மேலே படிக்கட்டில் பியூனின் தலை நீண்டது.

"ஐயா, இங்க யாராவது சிரிச்சீங்களா? தலைவர் கேக்கச் சொன்னாரு. சிரிச்சிருந்தா வருத்தம் செல்லாதாம், தீர்ப்பும் செல்லாதாம். மறுவிசாரணை. சீட்டை உடனே மேல கொண்டு வரணுமாம்." பியூன் பின்னால் ஒருமுறை பார்த்துக்கொண்டார். "மூணு பேரும் வாசல்லயே நிக்கறாங்க."

சம்பந்திகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அடுத்த கணம் குஷன்காரர் துள்ளி எழுந்தார்.

"யாருய்யா சிரிச்சது? இந்த ஆளு கூடயா? இந்த ஆளு மூஞ்சியைப் பாத்தா எனக்குச் சிரிப்பு வருமா?"

"உன் மூஞ்சிக்கு முதல்ல கண்ணு தெரியுமாய்யா?" என்று கண்ணாடிக்காரர் எகிறினார். "பிடிய்யா அந்தப் பக்கம்!"

"பிடிக்க முடியாதுய்யா!" என்று கத்திக்கொண்டே குஷன்காரர் அந்தப் பக்கத்தைப் பிடித்தார். இந்தத் தடவை இடுப்புக்குத் தொந்தரவில்லாதபடி அவர்தான் முன்னால் போனார்.

மீதி இரண்டு மாடிகளும் அந்தச் சண்டையில் அதிர்ந்தன. மற்ற ஆபீஸ்களிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். சித்தப்பாவைச் சண்டைக்கு இழுத்தார் ஒருவர், சோபாவை இழுத்தார் இன்னொருவர். தெருவுக்கு வந்து காரில் சீட்டை நுழைக்கும்போது மூன்றாவது மாடி ஜன்னலில் நான்கு தலைகள் தெரிந்தன. அவற்றில் மூன்று, சீட்டை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தன.

"இனிமே என் வீட்டு வாசப்படி மிதிச்சே, நடக்கிறதே வேற!" என்று குஷன்காரர் ஜன்னல் வரை கேட்கும்படி முழங்கினார். பிறகு குனிந்து போல்ட்டை மாட்டிக்கொண்டே மெதுவாக, "ஞாயித்துக்கிழமை சாப்பிட வாங்க, சோபாவை மாத்திடறேன். கொஞ்சம் உயரமாவே வெக்கறேன்" என்றார்.

"உன் வீட்டுக்கு யாருய்யா வருவா?" என்று கண்ணாடிக்காரர் கதவை ஓங்கித் தட்டினார். அப்படியே தலையைக் காருக்குள் நுழைத்து, "நாளைக்குக் கடைக்கு வந்துடுங்க, முதல்ல அந்தக் கண்ணாடியை மாத்தணும். ஆனா ஒண்ணு, அதுக்கு ரெண்டாயிரம் ஆகும்" என்றார்.

"ரெண்டாயிரமா?" குஷன்காரர் நிமிர்ந்தார். இப்போது அவர் கத்தியது ஜன்னலுக்காக அல்ல. "கொள்ளைக்காரா! ஆயிரத்து இருநூறு!"